ரெக்சிங்கன்: மாட்டு வணிகர்களின் ஊரும் அதன் அழிவும்

ஐரோப்பிய யூதர்கள் என்றாலே பெர்லினிலும் வியன்னாவிலும் வார்சாவிலும் வாழ்ந்த வணிகர்கள், மருத்துவர்கள், எழுத்தாளர்கள் என்றே நாம் படித்திருக்கிறோம். வயல்களுக்கு நடுவே சிற்றூர்களில் வாழ்ந்த யூதர்கள் உண்டா, இருந்தால் அவர்களுக்கு என்ன நேர்ந்தது, அண்டை அயலார் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது கேள்வி. உண்டு. தென்மேற்கு ஜெர்மனியில் அப்படிப்பட்ட ஊர்கள் பல இருந்தன. அவற்றுள், நெக்கார் ஆற்றங்கரை நகரமான ஹோர்புக்கு அருகில், கருங்காட்டு மலைப்பகுதியின் கிழக்கு விளிம்பில் உள்ள ரெக்சிங்கனை எடுத்துக்கொண்டு விடை சொல்கிறேன். பல ஊர்களைக் கலந்து பேசுவதைவிட ஓர் ஊரைத் தொடர்ந்து பார்ப்பதில் காரணகாரியம் தெளிவாகத் தெரியும் என்பதால், பிற ஊர்களைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

அவர்கள் கிராமங்களுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் நகரங்கள் கதவடைத்ததுதான். அந்தப் பகுதியின் பெரிய அரசான வூர்ட்டம்பெர்க்கின் ஆட்சியாளர்கள் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே யூதர்களைத் தங்கள் நாட்டிலிருந்து விலக்கினார்கள். சில விதிவிலக்குகள் நீங்கலாக அந்தத் தடை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. ஆனால் அன்றைய ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. பெரிய அரசுகளுக்கு இடையிடையே குறுநிலப் பிரபுக்களும் சமயப் படையணிகளும் ஆண்ட துண்டு நிலங்கள் சிதறிக் கிடந்தன. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அந்த நிலங்களை ஆளற்றவையாக்கியிருந்தது. வருவாய்க்கு வழி தேடிய சிற்றரசர்கள், ஆண்டுதோறும் காப்புவரி கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு யூதக் குடும்பங்களைத் தங்கள் ஊர்களில் குடியேற அனுமதித்தார்கள். ரெக்சிங்கன் புனித யோவான் அணி என்ற கத்தோலிக்கப் படையணியின் ஆட்சியில் இருந்தது. அங்கே யூதர்கள் 17ஆம் நூற்றாண்டில் குடியேறினார்கள். கிழக்கே ஸ்வாபிய மலைப்பகுதியில் உள்ள புட்டன்ஹவுசனில் 1787இல் ஊரின் பிரபு 25 குடும்பங்களுக்குக் காப்புச் சாசனம் வழங்கினார். 1806ஐ ஒட்டி நெப்போலியன் காலத்து எல்லை மாற்றங்களில் இந்தத் துண்டு நிலங்கள் வூர்ட்டம்பெர்க் அரசோடு இணைந்தபோது, தன் முன்னோர்கள் விரட்டிய சமூகத்தின் கிராமங்களை அந்த அரசு மொத்தமாகப் பெற்றுக்கொண்டது. அப்போது அந்நாட்டு யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கிராமங்களில்தான் வாழ்ந்தார்கள்.

நிலம் வாங்கவும் கைத்தொழிற் சங்கங்களில் சேரவும் உரிமை இல்லாதவர்களுக்கு எஞ்சியது வணிகம் மட்டுமே. தலைச்சுமையாகத் துணியும் ஊசிநூலும் விற்றவர்கள் ஏழைகள். ஓரளவு வசதி உள்ளவர்கள் மாடு வாங்கி விற்றார்கள். மாட்டு வணிகம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிற்காலத்து அழிவின் வழி அதற்குள்தான் இருக்கிறது. அந்தப் பகுதியின் விவசாயிகள் பெரும்பாலும் சிறு நிலக்காரர்கள். உழவுக்கும் பாலுக்கும் ஒரே பசுவையே பயன்படுத்தினார்கள். அது கிழடாகிவிட்டால் புதியது வாங்கக் கையில் காசு இருக்காது. யூத வணிகர் பழைய மாட்டை எடுத்துக்கொண்டு, இளம் மாட்டைக் கொடுத்து, இடைப்பட்ட தொகையை அறுவடை வரை கடனாக விட்டுவைப்பார். சில வேளைகளில் மாட்டை விற்காமல் பங்குக்கு விடுவார். தீனி போட்டு வளர்ப்பவருக்குப் பாலும் உழைப்பும், பிறக்கும் கன்றின் மதிப்பில் இருவருக்கும் பங்கு. எந்தத் தொழுவத்தில் எத்தனை மாடு, எந்த வீட்டில் திருமணம் வருகிறது, யார் அவசரமாக விற்பார் என்ற செய்திகள் அவருடைய முதலீட்டின் ஒரு பகுதி. பேரம் பேசும்போது எபிரேயச் சொற்களும் எபிரேய எண்களும் கலந்த ஒரு வணிகக் குழூஉக்குறியை அவர்கள் பேசினார்கள்; அவர்களோடு ஊர் ஊராகச் சென்ற கிறித்தவ மாட்டோட்டிகளும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

வாரத் தொடக்கத்தில் ஊரைவிட்டுப் புறப்படுபவர்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். ஓய்வுநாளான சனிக்கிழமையில் நெருப்பு மூட்டக் கூடாது என்பது சமய விதி ஆகையால், அடுப்பைப் பற்றவைக்கக் கிறித்தவ அண்டைவீட்டார் வருவார்கள். பாஸ்கா பண்டிகையில் புளிப்பில்லா அப்பம் அக்கம்பக்க வீடுகளுக்குப் போகும். இதையெல்லாம் வைத்து ஒரு பொற்காலத்தைக் கற்பனை செய்துகொள்வது தவறு. கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள கசப்பு எப்போதும் இருந்தது. 1848இன் புரட்சிக் கொந்தளிப்பில் அருகிலுள்ள பைசிங்கனில் யூதர் வீடுகள் தாக்கப்பட்டன. திருமண உறவு கிடையாது. ஆனாலும் கொடுக்கல் வாங்கல் நின்றதில்லை. இருதரப்புக்கும் மற்றவர் தேவைப்பட்டார் என்பதுதான் அந்த உறவின் உறுதி. நட்பு அதன்மேல் வளர்ந்த இடங்களும் உண்டு, வளராத இடங்களும் உண்டு.

1828இல் வூர்ட்டம்பெர்க் அரசு கொண்டுவந்த யூதர் சட்டம் இரட்டை முகம் கொண்டது. ஒருபுறம் தலைச்சுமை வணிகத்தையும் தரகையும் இழிதொழிலாக வகைப்படுத்தி, இளைஞர்களைக் கைத்தொழிலுக்கும் வேளாண்மைக்கும் தள்ள முயன்றது. மறுபுறம் யூதப் பள்ளிகளையும் ரபிகள் என்ற சமயக் குருக்களையும் அரசு மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்து முறைப்படுத்தியது. 1837இல் ரெக்சிங்கனில் கல்லால் ஆன புதிய தொழுகைக்கூடம் எழுந்தது. நூற்றாண்டின் நடுவில் யூதர்களின் தொகை 400ஐத் தாண்டி, ஊர்மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது. 1864இல் வூர்ட்டம்பெர்க்கில் முழுக் குடியுரிமைச் சமத்துவம் கிடைத்தது. ரைன் ஆற்றின் கரையில், சுவிட்சர்லாந்தைப் பார்த்தபடி இருக்கும் பாடன் மாநிலத்துக் கைலிங்கனில் 1870 முதல் 1884 வரை லியோபோல்ட் குகன்ஹைம் என்ற யூதரே ஊர்த்தலைவராக இருந்தார் என்பது அந்தக் காலம் எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதைக் காட்டும்.

சமத்துவம் கிடைத்ததும் கிராம யூதர்களின் தொகை குறையத் தொடங்கியது. விரும்பிய இடத்தில் வாழலாம் என்றானபின் ஸ்டுட்கார்ட்டும் அமெரிக்காவும் இளைஞர்களை இழுத்துக்கொண்டன. கோப்பிங்கன் அருகிலுள்ள யேபன்ஹவுசன் இதற்குத் தக்க சான்று: 1777இல் தொடங்கிய அந்தச் சமூகத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் அமெரிக்காவுக்குச் சென்றார்கள், எஞ்சியவர்கள் பக்கத்துத் தொழில் நகருக்கு இறங்கிப்போனார்கள், 1899இல் யூதச் சமூகம் முறைப்படி கலைக்கப்பட்டது. அங்கே யாரும் யாரையும் விரட்டவில்லை. போருக்குப் பின் எழுதப்பட்ட சில ஊர் வரலாறுகள் இந்தத் தேய்வையும் நாஜிக் காலத்து அழிவையும் ஒரே வாக்கியத்தில் அடக்கி, யூதர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று முடித்துவிடுகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல முடியாது. ரெக்சிங்கன் யேபன்ஹவுசனைப் போலத் தேய்ந்து மறையவில்லை. மாட்டு வணிகம் அங்கே உயிரோடிருந்தது; 1933இல் 262 யூதர்கள் அங்கே வாழ்ந்தார்கள். தொழுகைக்கூடம், பள்ளி, 1760 முதல் பயன்பட்டுவந்த இடுகாடு, முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டுத் திரும்பியவர்கள் என ஒரு முழுமையான சமூகமாக அது இருந்தது.

1933 ஏப்ரல் 1 அன்று நாடெங்கும் யூதர் கடைகளைப் புறக்கணிக்குமாறு நாஜிக் கட்சி அழைப்பு விடுத்தது. அது சனிக்கிழமை, சமய விதிகளைக் கடைப்பிடிக்கும் கிராமங்களில் யூதர் கடைகள் எப்படியும் மூடித்தான் இருக்கும். கட்சிக்குக் கிராமத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்பதற்கு இது சின்ன எடுத்துக்காட்டு. அடுத்த சில ஆண்டுகளில் கற்றுக்கொண்டார்கள். மாடு வாங்க வரும் யூதரைக் கத்தோலிக்க விவசாயி கொள்கைக்காகத் திருப்பி அனுப்பவில்லை. அவர் நல்ல விலை கொடுத்தார், கடனும் தந்தார், வேறு ஆளும் இல்லை. 1930களின் நடுவிலும் விவசாயிகள் யூதர்களிடமே மாடு வாங்குகிறார்கள் என்று நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோவின் அறிக்கைகள் தென்ஜெர்மனியெங்கும் சலித்துக்கொண்டன. எனவே, அந்த உறவை அறுக்கும் வேலையை அரசாணைகள் செய்தன. யூதரோடு வணிகம் செய்பவர்களின் பெயர்கள் கட்சிப் பத்திரிகைகளில் வெளியாகி அவமானப்படுத்தப்பட்டன. 1937 ஜனவரியில் வந்த ஆணை, மாட்டு வணிக உரிமத்துக்கு ‘நம்பகத்தன்மை’யை நிபந்தனையாக்கியது, யூதர் நம்பகமற்றவர் என்று தீர்ப்பதற்கு அதிகாரிக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. 1938 ஜூலையில் ஊர்சுற்றி விற்கும் உரிமமும் பறிபோனது. 1939 ஜனவரி 1 முதல் யூதர் எந்தக் கடையும் தொழிலும் நடத்தக் கூடாது. உரிமம் போனதோடு வெளியே நின்ற கடன்களும் வசூலாகாமல் போயின என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்: வணிகர் அழிந்தால் கணக்குப் புத்தகமும் அழியும் என்பதைக் கடன்பட்ட எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இந்த இடத்தில் ரெக்சிங்கன் மற்ற ஊர்கள் செய்யாத ஒன்றைச் செய்தது. தனித்தனியாகத் தப்பிப்பதற்குப் பதிலாக, ஒரு சமூகமாகவே பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்து கூட்டுறவு விவசாயக் கிராமம் அமைப்பது என்று 1930களின் நடுவில் சிலர் திட்டமிட்டார்கள். ஜெர்மன் யூதர்களின் தேசியப் பிரதிநிதி அமைப்பின் செயல்தலைவராக இருந்த, ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த ஓட்டோ ஹிர்ஷ் இந்த முயற்சிக்கு ஆதரவாக நின்றார். அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகம் 1,000 பவுண்டு மூலதனம் காட்டுபவர்களை எளிதாக அனுமதித்தது. அதற்கும் குறைவாக வைத்திருந்தவர்கள் குடியேற்றச் சான்றிதழுக்காகக் காத்திருக்கவேண்டும். நிலம் பார்க்க ஆட்கள் முன்கூட்டியே சென்று வந்தார்கள். 1938 தொடக்கத்தில் தொழுகைக்கூடத்தில் விடைபெறும் வழிபாடு நடத்தி முதற்குழு புறப்பட்டது. 1938 ஏப்ரல் 13 அன்று, அக்கோ நகருக்கு வடக்கே கடற்கரையில், ஒரே நாளில் மதிலும் காவற்கோபுரமும் எழுப்பி ஷாவே சியோன் என்ற ஊரை நிறுவினார்கள். பிற ஊர்களைச் சேர்ந்த தென்ஜெர்மன் யூதர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹைல்பிரோன் நகர வழக்கறிஞர் மான்ஃபிரெட் ஷோயர் நீண்டகாலம் அதன் தலைவராக இருந்தார். தலைமுறைகளாக மாடு வாங்கி விற்றவர்கள் அங்கே மாடு வளர்த்தார்கள்.

இதை வெறும் மீட்புக் கதையாகச் சொல்வதற்கு இரண்டு தடைகள் உள்ளன. அந்த ஒரே நாள் மதிலுக்குக் காரணம் 1936 முதல் நடந்துகொண்டிருந்த அரபுக் கிளர்ச்சி. அண்டையில் இருந்த அல்-சுமைரிய்யா என்ற பாலஸ்தீன அரபுக் கிராமம் 1948 மே மாதப் போரில் கைப்பற்றப்பட்டு, அதன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அது தனி வரலாறு, ஆனால் விட்டுவிட்டுப் போகக்கூடியது அன்று. இரண்டாவது தடை ரெக்சிங்கனுக்குள்ளேயே இருந்தது. உடல் உழைப்புக்கு ஏற்ற வயதும், ஓரளவு பணமும், குழந்தைகளும் உள்ளவர்கள் போகும் குழுவில் இடம்பெற்றார்கள். முதியவர்கள், நோயாளிகள், வீட்டை விற்க முடியாதவர்கள், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருந்தவர்கள் தங்கினார்கள். சமூகத்தின் வலுவான பகுதி சென்றபின் எஞ்சியவர்களைத் தாங்க ஆளில்லை. இதற்காகச் சென்றவர்களைக் குறை சொல்ல இடமில்லை. 1938 ஏப்ரலில் இருந்தவர்களுக்கு 1941 தெரியாது.

1938 நவம்பர் 9, 10 ஆகிய நாட்களில் நாஜிகள் நாடெங்கும் யூதர்கள்மேல் ஏவிய வன்முறை ரெக்சிங்கனுக்கும் வந்தது. தொழுகைக்கூடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. யூத மறைநூலான தோராவின் சுருள்களும் உட்புறப் பொருள்களும் எரிந்தன. ஆனால் தீயணைப்புப் படையினர் தீயை அணைத்ததால் கட்டடம் நின்றது. புட்டன்ஹவுசனில் முதல் தீயை ஊரார் அணைத்துவிட்டார்கள், ஊர்த்தலைவரும் எதிர்த்தார். மறுநாள் வெளியூரிலிருந்து வந்த கட்சியினர் மீண்டும் தீ வைத்து, தீயணைப்புப் படையைக் கைகட்டி நிற்கவைத்து, 18ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தை முற்றாக எரித்தார்கள். கைலிங்கனில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்த வட்டாரத்தின் யூத ஆண்கள் டாஹாவ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, நாட்டைவிட்டுப் போவதாக ஒப்புக்கொண்ட பின் திரும்பினார்கள். நாடெங்கும் இப்படிப் பிடிபட்டவர்கள் ஏறத்தாழ 30,000 பேர். அண்டை அயலாரைப் பற்றிய கேள்விக்கு இந்த நாட்கள் தரும் விடை ஒரே மாதிரியானதாக இல்லை. தீயை அணைத்தவர்களில் அடுத்த வீட்டுக் கூரைக்காக அணைத்தவரும் இருந்திருப்பார், தொழுகைக்கூடத்துக்காக அணைத்தவரும் இருந்திருப்பார். தீ வைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பதைப் பல ஊர்கள் பிற்காலத்தில் அடிக்கடி நினைவூட்டிக்கொண்டன. தீ வைத்த இரவுக்கு அது பொருந்தலாம். அடுத்த நான்காண்டுகளில் நடந்த வீட்டு விற்பனைக்கும் ஏலத்துக்கும் வெளியூர்க்காரர்கள் தேவைப்படவில்லை.

1938 டிசம்பரில் வந்த ஆணையின்படி யூதர்களின் நிலமும் வீடும் கட்டாய விற்பனைக்கு உள்ளாயின. விலையை அதிகாரிகள் முடிவுசெய்தார்கள். கிடைத்த பணமும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குள் போனது. போர் தொடங்கியபின் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து முதிய யூதர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி அடைத்தார்கள். ஹைகர்லோக், புட்டன்ஹவுசன் போன்ற ஊர்களின் யூத வீடுகளில் முன்பின் தெரியாத குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. நாடுகடத்தலுக்கு முன் ஆட்களை ஓரிடத்தில் சேர்த்துவைக்கக் கிராமம் வசதியான கிடங்காகிவிட்டது. 1941 செப்டம்பரில் யூதர்கள் உடையில் மஞ்சள் நட்சத்திரம் அணிவது கட்டாயமானது. அக்டோபரில் நாட்டைவிட்டு வெளியேறுவது முற்றாகத் தடுக்கப்பட்டது.

நவம்பர் இறுதியில் வூர்ட்டம்பெர்க் எங்கும் பட்டியலிடப்பட்டவர்கள் ஸ்டுட்கார்ட்டின் கில்லஸ்பெர்க் மலையில், சில ஆண்டுகளுக்கு முன் தோட்டக்கலைக் கண்காட்சி நடந்த திடலில் கூட்டப்பட்டார்கள். ரெக்சிங்கன்காரர்கள் அவர்களுள் இருந்தார்கள். கிழக்கே குடியமர்த்தப் போகிறோம் என்று சொல்லி, கணப்பு அடுப்புகளும் மண்வெட்டிகளும் உடன் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். டிசம்பர் 1 அன்று ஏறத்தாழ 1,000 பேருடன் ரயில் புறப்பட்டு லாட்வியாவின் ரீகா நகருக்கு அருகிலுள்ள யுங்ஃபெர்ன்ஹோஃப் என்ற பண்ணைக்குப் போனது. கதவும் கணப்பும் இல்லாத கொட்டகைகளில் பனிக்காலம் முழுவதும் அடைக்கப்பட்டவர்களில் பலர் குளிரிலும் நோயிலும் இறந்தார்கள்; 1942 மார்ச் 26 அன்று எஞ்சியவர்களில் பெரும்பாலோரை, மீன்பதனிடும் ஆலை வேலைக்கு என்று பொய் சொல்லி, பிக்கெர்னியெக்கி காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொன்றார்கள். அந்த ரயிலில் சென்றவர்களில் போருக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. 1942 ஏப்ரல் 26 அன்று அடுத்த ரயில் போலந்தின் இஸ்பிட்சாவுக்குப் போனது. அதில் சென்ற வூர்ட்டம்பெர்க் யூதர்கள் திரும்பவில்லை. ஆகஸ்ட் 22 அன்று முதியவர்களை தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். முதியோர் இல்லத்தில் ஆயுள் முழுவதும் பராமரிப்பதாக ஒரு ‘ஒப்பந்தத்தில்’ கையெழுத்து வாங்கி, எஞ்சிய சேமிப்பையும் கட்டணமாக எடுத்துக்கொண்ட பிறகே அனுப்பினார்கள். ரெக்சிங்கனிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள் 120 பேருக்கும் மேல். மீண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஷாவே சியோன் திட்டத்துக்குத் துணைநின்ற ஓட்டோ ஹிர்ஷ் 1941 ஜூனிலேயே மௌட்ஹவுசன் வதைமுகாமில் கொல்லப்பட்டிருந்தார். அண்டை மாநிலமான பாடனில் இதற்கும் முன்பே, 1940 அக்டோபர் 22 அன்று, கைலிங்கன் உட்பட எல்லா ஊர்களிலிருந்தும் 6,500க்கும் மேற்பட்ட பாடன், பிஃபால்ஸ், சார் பகுதி யூதர்களைப் பிரான்சின் குர்ஸ் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1941 நவம்பர் 25ஆம் தேதியிட்ட ஆணைப்படி, நாட்டெல்லையைத் தாண்டும் யூதரின் குடியுரிமை இழக்கப்பட்டு, சொத்து அரசைச் சேரும். தாங்களே ரயிலில் ஏற்றி எல்லை கடத்தியவர்களைக் குடிபெயர்ந்தவர்களாகக் கணக்கிட்ட ஆணை இது. அதன்பின் நிதி அலுவலகம் வீடுகளுக்கு முத்திரையிட்டது. கட்டில், பீரோ, போர்வை, சமையல் பாத்திரம் என ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு ஊரில் பொது ஏலம் விட்டது. இதுதான் சிற்றூர் அழிவின் தனித்தன்மை என்று நான் கருதுகிறேன். பெருநகரத்தில் ஏலம் எடுத்தவருக்குப் பொருளின் சொந்தக்காரர் யார் என்று தெரியாது. இங்கே எந்தச் சமையலறையில் எந்தப் பாத்திரம் தொங்கியது என்பதுகூட வாங்கியவருக்குத் தெரியும். ரயில் எங்கே போனது என்று தெரியாது என்று அவர் சொன்னதை நம்பலாம். சொந்தக்காரர் திரும்பி வருவார் என்று நினைத்து அவர் ஏலம் கேட்கவில்லை என்பதையும் நம்பவேண்டும்.

போருக்குப் பின் இந்தப் பகுதி பிரெஞ்சு ஆக்கிரமிப்பு மண்டலமாயிற்று. பறிபோன வீடுகளைத் திரும்பக் கேட்டு ஷாவே சியோனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் உறவினர்கள் மனுச் செய்தார்கள். நியாயமான விலை கொடுத்துத்தான் வாங்கினோம் என்று வாங்கியவர்கள் வாதாடினார்கள். பெரும்பாலும் கூடுதல் தொகை கொடுத்துச் சமரசம் ஆனது. யுங்ஃபெர்ன்ஹோஃப் பண்ணையின் தலைவனாக இருந்த ருடால்ஃப் செக்குக்கு 1951இல் ஹாம்பர்க் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ரெக்சிங்கனில் யூதச் சமூகம் மீண்டும் உருவாகவில்லை. தொழுகைக்கூடம் 1952இல், கிழக்கிலிருந்து அகதிகளாக வந்த புரொட்டஸ்டன்ட் கிறித்தவர்களின் தேவாலயமாக மாறியது. இன்றும் தேவாலயம்தான், நினைவிடமும் அதனோடு இருக்கிறது. பைசிங்கனின் தொழுகைக்கூடம் நெடுநாள் வைக்கோல் கொட்டகையாகக் கிடந்து, சேதத்தின் தடயங்களை மறைக்காமல் பழுதுபார்க்கப்பட்டு நினைவிடமாகியிருக்கிறது. அந்த ஊருக்கு முகாமிலிருந்து பிழைத்துத் திரும்பிய ஒருவர் மீண்டும் மாட்டு வணிகமே செய்து, சொந்த ஊரிலேயே முதுமை எய்தினார். புட்டன்ஹவுசனில் 1970களில் உள்ளூர் விவசாயி ஒருவர் இடுகாட்டுக் கற்களைச் சீர்செய்யவும் ஆவணங்களைத் திரட்டவும் தொடங்கினார். அவ்வூரின் அருங்காட்சியகம் அதிலிருந்து வளர்ந்தது. நவம்பர் 1938இல் கருகித் தப்பிய ரெக்சிங்கன் தோரா சுருள் ஷாவே சியோனில் இருக்கிறது. ஊரின் 1,000க்கும் மேற்பட்ட கல்லறைக் கற்களின் எழுத்துகளை ரெக்சிங்கன் ஆர்வலர்கள் படித்து நூலாக்கியபோது, குடும்ப விவரங்களைச் சரிபார்க்க ஷாவே சியோனிலும் அமெரிக்காவிலும் வாழும் வாரிசுகளுக்கே எழுதவேண்டியிருந்தது.